இரண்டு அறைக்கு ஒரு தூரநோக்கு

வில்பத்துக் காட்டைப் பார்க்க வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஹுனுவிலகம வாசலுக்குப் போக வேண்டியவர்கள் எலுவன்குளத்தில் வந்து நிற்பார்கள். எலுவன்குளத்துக்கு வர வேண்டியவர்கள் ஹுனுவிலகமவில் நின்றுகொண்டு எனக்குப் போன் எடுப்பார்கள். ஒரு வாசல் புத்தளம்–அனுராதபுரம் வீதிப் பக்கம், மற்றது பழைய மன்னார் வீதியில். எலுவன்குளத்தில் எங்கள் வீட்டின் பின்பக்கம் இரண்டு அறைகளைப் பூசி வெள்ளையடித்து வாடகைக்கு விடத் தொடங்கியதிலிருந்து, வழி தவறியவர்களுக்கெல்லாம் நானே பொறுப்பாளி.

ஆகவே ஓர் இணையத்தளம் வேண்டும் என்று முடிவெடுத்தேன். வீட்டுத் தலைவர் என்பது என் பதவி. அதற்குரிய அதிகாரங்கள் இன்னும் வர்த்தமானியில் வெளிவரவில்லை என்றாலும், முடிவெடுப்பதை இதுவரை யாரும் தடுத்ததில்லை. நிறைவேற்றப் போகும்போதுதான் சிக்கல்.

மகள் கொழும்பில் இணையத்தளத் துறையைத்தான் படிக்கிறாள். “என்னென்ன வரோணும் எண்டு எழுதித் தாங்க வாப்பா” என்றாள். புதுச் சி.ஆர். கொப்பி ஒன்று வாங்கி, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு எழுதினேன்: முகப்பு, எம்மைப் பற்றி, தூரநோக்கு, பணிக்கூற்று, நிறுவுநரின் செய்தி, நிர்வாகக் கட்டமைப்பு, ஒளிப்படங்கள், தொடர்பு. இலங்கையில் எந்தக் கந்தோருக்குள் நுழைந்தாலும் சுவரில் முதலில் தெரிவது தூரநோக்குதான். நமக்கு மட்டும் ஏன் கிட்டநோக்கு? நிர்வாகக் கட்டமைப்பில் மேலே ஒரு பெட்டியில் என்னைப் போட்டு, கீழே கோடிழுத்து இன்னொரு பெட்டியில் ‘உணவு, துப்புரவு, நிதி, முன்பதிவு, முறைப்பாடு’ என்று மனைவியைப் போட்டேன். என் பெட்டிக்குள் எழுத ஒரு வேலையும் கிடைக்கவில்லை. படம் ஒட்டிச் சமாளித்தேன்.

மகள் கொப்பியைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தகவல் கட்டமைப்பு என்று ஒரு கலை இருக்கிறதாம். றிச்சர்ட் சோல் வூர்மன் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் 1976இலேயே ‘தகவல் கட்டடக் கலைஞர்’ என்ற பேச்சைத் தொடங்கிவிட்டார். லூயிஸ் ரோசன்ஃபெல்டும் பீட்டர் மோர்வில்லும் 1998இல் இணையத்துக்காக அதைப் புத்தகமாகவே எழுதினார்கள். அட்டையில் பனிக்கரடி இருப்பதால் துறைக்காரர்கள் அதைப் பனிக்கரடிப் புத்தகம் என்கிறார்கள். எங்கள் ஊர்க் காட்டிலும் கரடி இருக்கிறது, ஆனால் அதை வைத்து யாரும் புத்தகம் எழுதவில்லை என்று நான் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு சோதனை நடந்தது. விருந்தாளிகள் போனில் கேட்கிற கேள்விகளைத் துண்டுக் கடதாசிகளில் எழுதி, என் கொப்பித் தலைப்புகளையும் அவற்றோடு கலந்து, மகள் தன் உம்மாவிடம் கொடுத்து ‘சேருவதைச் சேர்த்து வைங்க’ என்றாள். உலகம் முழுவதும் இப்படித்தான் செய்கிறார்களாம்: பாவிப்பவர் கையில் சீட்டைக் கொடுத்து, அவர் எப்படிக் கும்பி வைக்கிறார் என்று பார்ப்பது. மனைவி மீன் வெட்டிய கையைக் கழுவிவிட்டு வந்து பாயில் இருந்தாள். மூன்று கும்பி வந்தது. “இது வர முந்திக் கேக்கிறது. இது வந்த பிறகு கேக்கிறது. இது போகேக்க சண்டை பிடிக்கிறது.”

முதல் கும்பியில் மேலே இருந்தது: சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் தண்ணி போகுதா? இராஜாங்கனைக் குளத்துக் கதவைத் திறந்தால் கலாஓயா பெருகி, எங்கள் வழியிலுள்ள அந்தத் தாழ்வான பாலத்தை மூடிவிடும். அன்றைக்குத் தாஜ்மகாலே கட்டி வைத்தாலும் ஒருவரும் வர முடியாது. அதற்குக் கீழே: பார்க்குக்குள் எத்தனை மணிக்கு விடுவார்கள்? கங்கேவாடியில் படகு கிடைக்குமா? ஜீப் யார் பேசித் தருவது? தூரநோக்கு, பணிக்கூற்று, நிறுவுநரின் செய்தி ஆகிய சீட்டுகள் பாயின் ஓரத்தில் தனியாகக் கிடந்தன. “இத ஆரு கேட்டது?” என்றாள்.

இப்படிக் கும்பி வைப்பது அவளுக்குப் புதிதல்ல என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். எங்கள் வீட்டுப் பத்திரங்கள் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் இருக்கின்றன. 1990 ஒக்டோபரில் முஸ்லிம்கள் வடக்கிலிருந்து துரத்தப்பட்டபோது வந்த குடும்பம் அவளுடையது; அவர்களுக்குக் கடதாசிதான் காணி, கடதாசிதான் வீடு. டின்னுக்குள் றப்பர் வளையம் போட்ட கட்டுகள்: பள்ளிக்கூடத்துக்குப் போனால் எடுப்பது, பிரதேச செயலகத்துக்குப் போனால் எடுப்பது, ஆஸ்பத்திரிக்கு எடுப்பது. பிறப்புச் சான்றிதழின் பிரதி எல்லாக் கட்டிலும் ஒவ்வொன்று. இதைப் போய் நான் ஒருமுறை ‘சீர்’ செய்தேன். வழங்கிய திணைக்களத்தின் பெயரை அகர வரிசையில் அடுக்கி, கோவைக்கு இலக்கமும் போட்டேன். அடுத்த கிளினிக் நாளில் வீடே தலைகீழானது. சர்க்கரைக்கு மருந்து எடுக்கிற கொப்பி ‘சு’வில் இருந்தது, சுகாதாரம் என்பதால்.

அரசாங்கத் தளங்கள் பலவும் நான் அடுக்கிய டின்தான். அமைச்சு, அதற்குள் திணைக்களம், அதற்குள் பிரிவு. அரசாங்கம் மாறினால் திணைக்களம் வேறு அமைச்சுக்குக் குடிபோய்விடும், தேடுகிறவர் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார். பிரிட்டனில் 2012இல் இந்தச் சிதறலைப் பெருக்கிக் கூட்டி, ஆட்களுக்கு என்ன அலுவல் என்பதை வைத்து ஒரே தளமாக்கினார்கள். நமக்கு 1919 என்ற அரசாங்கத் தகவல் இலக்கம் இருக்கிறது, போன் எடுத்தால் மனிதக் குரல். ஆனால் அரசாங்கத் தளத்தில் ‘தமிழ்’ என்ற பொத்தானை அமத்தினால் நடப்பதைச் சொல்லத் தேவையில்லை. நின்ற பக்கம் போய் முகப்பு வரும். அல்லது பாமினி எழுத்துருவில் அடித்து ஒட்டியது ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும், எந்தத் தேடுபொறிக்கும் அது தமிழென்று தெரியாது.

இத்தனைக்கும் தகவலை அடுக்குகிற இந்த வித்தையில் நம் பக்கத்து ஆள் ஒருவர் எல்லோருக்கும் முன்னோடி. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணிதம் படிப்பித்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் எழுதினார். நாலாவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. லண்டனில் கடையொன்றில் துண்டுகளைப் பூட்டி விதவிதமாகச் செய்கிற மெக்கானோ விளையாட்டுச் சாமானைக் கண்டு, ஒரு பொருளை ஒரே தட்டில் அடைக்காமல் பல முகங்களாகப் பிரித்துச் சேர்க்கலாம் என்று பிடித்துக்கொண்டார். 1933இல் கோலன் பகுப்பு வந்தது. இன்று இணையக் கடையில் விலை, நிறம், அளவு என்று தனித்தனியே தெரிவு செய்து சேலை தேடுகிறோமே, அதற்கு மூலம் அந்த யோசனைதான். என் மனைவி பிறப்புச் சான்றிதழை எல்லாக் கட்டிலும் வைத்ததும் ஏறத்தாழ இதே நியாயம். அவளுக்கு ரங்கநாதனைத் தெரியாது, ரங்கநாதன் கிளினிக் வரிசையில் நின்றிருக்கவும் மாட்டார்.

முகப்பை அலங்கரிக்கலாம் என்றேன். அதற்கும் மகள் விடவில்லை. ஆட்கள் தேடுபொறியால் நேரே உள்பக்கத்தில் வந்து விழுகிறார்கள், இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுவிட்டுத் தளத்துக்கே வராமலும் போகிறார்கள். ஆகையால் பதில் ஒவ்வொரு பக்கத்திலும் வெறும் எழுத்தாக இருக்க வேண்டும், படத்துக்குள் இருக்கக் கூடாது என்றாள். நியாயம்தான். எங்கள் வீட்டுக்கும் முன்வாசலால் வருகிறவர்கள் கிராம சேவகரும் கல்யாணக் கடிதம் கொண்டுவருகிறவர்களும்தான், மற்ற ஊரெல்லாம் குசினிக் கதவால்.

மூலையில் மூன்று கோடு போட்டு மெனுவை அதற்குள் ஒளிக்கிற நாகரிகத்தையும் கேட்டுப் பார்த்தேன். அந்தக் கோடுகளை நோர்ம் கொக்ஸ் என்பவர் 1981இல் வந்த ஸெரொக்ஸ் ஸ்டார் கணினிக்காக வரைந்தாராம். ஒளித்து வைத்தால் ஆட்கள் குறைவாகத்தான் கண்டுபிடிக்கிறார்கள் என்று நீல்சன் நோர்மன் குழுமம் 2016இல் சோதித்தே சொல்லிவிட்டது. மனைவியிடம் காட்டினால், “இது என்ன, கீறல் விழுந்திருக்கு” என்று முந்தானையால் திரையைத் துடைத்தாள்.

கடைசியாக என் வியாபார மூளை ஒருமுறை விழித்தது. பெரிய ஹொட்டல் தளங்களைப் போல ‘இன்னும் ஓர் அறையே மீதி’, ‘இப்போது பத்துப் பேர் பார்க்கிறார்கள்’ என்று போடலாமே? முதலாவது பெரும்பாலும் உண்மை, இரண்டே அறை. இரண்டாவதற்கு ஆடுகளையும் சேர்க்க வேண்டும். இந்தச் சூழ்ச்சிக்கெல்லாம் 2010இலேயே ஹரி பிரிக்னல் என்பவர் ‘இருண்ட வடிவங்கள்’ என்று பெயர் வைத்து ஊரறிய அம்பலப்படுத்திவிட்டார் என்று மகள் சொன்னதும் மூளை மறுபடி படுத்துவிட்டது.

இப்போது தளம் ஒரே பக்கம். மேலே பெரிய எழுத்தில் ‘இன்று சப்பாத்துப் பாலம்’, கீழே அன்றைய நிலைமை. பஸ்காரர்களிடம் விசாரித்து மனைவி தன் போனிலேயே மாற்றிவிடுகிறாள். அடுத்த வரி, இது எலுவன்குளம் வாசல், ஹுனுவிலகம அல்ல. பிறகு விலை, சாப்பாடு, ஜீப், படகு. நிறுவுநரின் செய்தியை மகள் பாவம் பார்த்து அடியில் ஒரு சிறு இணைப்பாக விட்டுவைத்திருக்கிறாள். யார் எந்தப் பக்கத்தைத் திறக்கிறார்கள் என்று பார்க்க அவளிடம் ஒரு கணக்குப் பலகை இருக்கிறது. அந்தச் செய்தியைத் தவறாமல் வாசிக்கிற ஒரே ஒரு போன் இருக்கிறதாம், அதுவும் எலுவன்குளத்திலிருந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. அதை உம்மாவுக்குக் காட்ட வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன்.