பச்சிளங்குழந்தையின் தலைப்பட்டையும் சத்திரப்பட்டி மரபும்: ஓர் ஆய்வு

பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்று பாண்டிய மன்னன் சந்தேகப்பட்டு, ஆயிரம் பொன்னைத் தொங்கவிட்டு, புலவர்களை மோதவிட்ட நாடு இது. கூந்தலே இல்லாத தலைக்கு எது பொருந்தும் என்று மட்டும் எந்தச் சபையும் கேட்டதில்லை. அந்தக் குறையைப் போக்க எழுந்ததே இச்சிற்றாய்வு.

ஆய்வுப் பொருள்: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் முடி முளைக்காத பெண் குழந்தைகளுக்கு மாட்டப்படும் ஹேர்பேண்ட். கால எல்லை: பிறந்தது முதல் முதல் மொட்டை வரை. மொட்டை போட்டபின் தலையில் சந்தனம் பூசிவிடுவதால் ஹேர்பேண்டுக்கு வேலை இல்லை. ஆண் குழந்தைகள் இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. சித்திரை வெயிலில் கோட்டும் சூட்டும் மாட்டப்படும் அவர்களின் துயரம் தனி ஆய்வுக்குரியது.

முதலில் இலக்கியச் சான்று. குழந்தைக் கண்ணனுக்குக் கால் முதல் தலை வரை என்னென்ன பூட்டலாம் என்று விரிவாகப் பட்டியல் போட்டவர் நம் ஊர்க்காரர் பெரியாழ்வார். கால்விரலுக்கு ஆழி, கிண்கிணி, இடுப்புக்குப் பொன்வடம், விரலுக்கு மோதிரம், மார்புக்கு ஐம்படைத்தாலி, தோளுக்கு வளை, காதுக்குக் குழை என்று ஒன்று விடாமல் அடுக்கிக்கொண்டே மேலே ஏறுகிறார். நெற்றிக்கு வந்ததும் சுட்டி. சுட்டி என்பது நெற்றியில் தொங்குவது. தலையைச் சுற்றி இறுக்குவது அன்று. இறுக்கும் பட்டை எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. பின்னால் வந்த பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் காப்பு முதல் பத்துப் பருவம் வகுத்தார்கள். குழந்தை தலையாட்டுவதற்கு ஒரு பருவம் உண்டு, கைகொட்டுவதற்கு ஒன்று உண்டு, நிலாவைக் கூப்பிடுவதற்குக்கூட ஒன்று உண்டு. ஹேர்பேண்டைப் பிய்த்தெறியும் பருவம் இல்லை. ஆகவே இவ்வணி பிற்காலத்தது என்று துணியலாம்.

இனி இதன் பயன்பாடு. குழந்தைக்கு இதனால் ஆவது ஒன்றுமில்லை. விலகும் முடியும் இல்லை, ஒதுக்க வேண்டிய தேவையும் இல்லை. குழந்தை பார்க்க வருகிறவர்களே உண்மையான பயனாளிகள். தொட்டிலை எட்டிப் பார்த்து "பையனா?" என்று கேட்டு, "இல்லக்கா, பொண்ணு" என்று பதில் வாங்கி, "அதான் பார்த்தேன், களையா இருக்கு" என்று சமாளிக்கும் சங்கடம் அவர்களுக்கு மிச்சம். அந்தச் சங்கடத்தைத் தவிர்க்கும் அறிவிப்புப் பலகையைக் குழந்தை நெற்றியில் சுமக்கிறது. வசம்பு வளையல், கறுப்புக் கயிறு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு என்று ஏற்கெனவே முழு அலங்காரத்தில் கிடக்கும் குழந்தைக்கு இது கூடுதல் பொறுப்பு. பட்டை வழுக்கி இறங்கும்போது மையையும் இழுத்துக்கொண்டு வருவதால், மாலைக்குள் கன்னத்துப் பொட்டு மூக்குக்குக் குடிபெயர்ந்துவிடுகிறது.

களஆய்வுக்கு ஏற்ற காலம் ஆடிப்பூரம். ஆண்டாள் தேர் நிலைக்கு வந்தபின் ரத வீதிக் கடைகளில் கூட்டம் திரும்பும். அங்கே அட்டையில் வரிசையாகக் குத்தி வைத்திருப்பார்கள்: நைலான் வலையில் ரோஜா, ஜிகினா ஒட்டிய வில், முத்து கோத்த கிரீடம். ஒரு பாட்டி பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒன்றை எடுத்தார்.

"தம்பி, பிள்ளைக்கு இறுக்குமா?"

"எலாஸ்டிக் பாட்டி, நல்லா இழுபடும். ஃப்ரீ சைஸ்."

பாட்டி இழுத்துப் பார்த்து விட்டார். பட்டென்று அவர் விரலிலேயே அடித்தது. "இந்த அடி பச்சப்பிள்ளைக்கு நெத்தியிலயா?" என்று கேட்டுவிட்டு, கடைக்காரர் விலையைக் குறைக்கக் குறைக்கத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். இயற்பியல் கற்காமலே ஒருவர் அடைந்த இம்முடிவை நாம் கணக்கின் வழியே அடைவோம்.

பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் பெயரால் ஒரு விதி உண்டு. கட்டுத்துணி கட்டும் மருத்துவத் துறையில் இன்றும் அதை வைத்துத்தான் பேசுகிறார்கள். பட்டை எவ்வளவு இறுக்கி இழுக்கப்படுகிறதோ அவ்வளவு அழுத்தம் கூடும். பட்டையின் அகலம் குறையக் குறையவும், சுற்றும் உறுப்பு சிறுக்கச் சிறுக்கவும் அழுத்தம் கூடும். பிறந்த குழந்தையின் தலைச்சுற்றளவு சுமார் 35 செ.மீ. பெரியவர் தலை சுமார் 55 செ.மீ. ஒரே இழுவிசையில், ஒரே அகலப் பட்டை பெரியவர் தலையில் தரும் அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் குழந்தைக்குத் தரும். அகலத்தைப் பாதியாக்கினால் அது மேலும் இரட்டிக்கும். நூல்போல் மெல்லிய எலாஸ்டிக் பார்வைக்குத்தான் சாது. நாலு விரல் அகலத்தில் தொளதொளவென்று கிடக்கும் துணிப்பட்டையே உண்மையில் நல்ல பிள்ளை.

"ஃப்ரீ சைஸ்" கோட்பாடும் இங்கே அடிபடுகிறது. முதல் மூன்று மாதத்தில் குழந்தையின் தலை மாதத்துக்குச் சுமார் 2 செ.மீ. வளர்கிறது; முதல் பிறந்தநாளில் 45 செ.மீ.யை எட்டுகிறது. பட்டை வளர்வதில்லை. பெயர்சூட்டு விழாவில் மாட்டியதைக் காதுகுத்துக்கும் மாட்டும் சிக்கனக் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். உச்சிக்குழி மூட ஒன்று முதல் ஒன்றரை வயது ஆகும். நாடித்துடிப்போடு சேர்ந்து துடிக்கும் அந்த இடத்தின்மேல் முடிச்சோ பூவோ உட்காரக் கூடாது.

இப்போது துணிக்கு வருவோம். இந்த ஆய்வின் நடுமையம் இதுதான். இராஜபாளையம் நூலால் வளர்ந்த ஊர். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய நாளிலிருந்து ஊருக்கு ஆலைச் சங்குதான் கடிகாரம். அருகில் சத்திரப்பட்டி, சமுசிகாபுரம், சங்கரபாண்டியபுரம் பக்கம் போனால் விசைத்தறிச் சத்தம் காதை அடைக்கும். அங்கே நெய்வது சேலை அன்று, வேட்டி அன்று. புண்ணுக்குக் கட்டும் பேண்டேஜ் துணியும் காஸ் துணியும். தோலே இல்லாத இடத்தில் தொடும் துணி அது. மென்மை என்றால் என்ன என்று அவர்கள் ஏற்கெனவே தீர்மானித்து, நெய்து, மூட்டை கட்டி, லாரி ஏற்றிவிட்டார்கள்.

தறியிலிருந்து வரும் துணி அப்படியே போகாது. பருத்தியின் மேல் இயற்கையான மெழுகு இருக்கும். அது இருக்கும்வரை தண்ணீர் ஒட்டாது. காஸ்டிக் சோடாவில் வேகவைத்து மெழுகை எடுத்து, வெளுத்து, காரம் போகும்வரை அலசி, உலர்த்துகிறார்கள். பஞ்சு தேறிவிட்டதா என்று பார்க்க மருந்தியல் நூல்களில் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள்: தண்ணீரில் போட்டால் 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும். மிதந்தால் ஃபெயில். அந்தச் சோதனையை ஹேர்பேண்டுக்கும் நீட்டிக்க இவ்வாய்வு முன்மொழிகிறது. வாளியில் தண்ணீர் எடுத்து ஜிகினா ரோஜாவைப் போட்டுப் பாருங்கள். அது தெப்பத் திருவிழா நடத்தும். வியர்வையை உறிஞ்சாத துணி, எண்ணெய் தேய்த்த நெற்றியில் இராஜபாளையத்து மே மாதத்தில் என்ன செய்யும் என்பதற்கு வேர்க்குருவே சாட்சி. பிறந்த குழந்தையின் மேல்தோல் பெரியவர் தோலைவிட மெல்லியது. சாயம், ஜிகினாவை ஒட்டிய பசை, உள்பக்கம் உறுத்தும் லேபிள், வலைத்துணியின் வெட்டு முனை எல்லாம் அதற்குப் பெரிய விஷயங்கள். பிய்ந்து வரும் முத்து வாய்க்குத்தான் போகும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

இங்கே ஒரு முரண்பாட்டைப் பதிவு செய்தே ஆக வேண்டும். குழந்தை பிறந்ததும் வீட்டில் என்ன நடக்கிறது? பீரோவைக் குடைந்து தாத்தாவின் வேட்டிகளிலேயே அதிகம் துவைத்த, நூல் தெரியும் வேட்டியைத் தேடி எடுத்துக் கிழித்து இடுப்புத் துணி ஆக்குகிறார்கள். தூளிக்குப் பழைய பருத்திச் சேலை. புதுத் துணி என்றால் கஞ்சி இருக்கும், உறுத்தும் என்று அப்பத்தா விடமாட்டார். ஆக, குழந்தையின் பின்புறத்துக்கு ஐம்பது சலவை கண்ட மல் வேட்டி, தலைக்கு நைலான். பின்புறத்துக்குக் கிடைத்த மரியாதை தலைக்குக் கிடைக்காதது ஏன்? பின்புறத்தைப் போட்டோ எடுப்பதில்லை என்பதைத் தவிர வேறு காரணம் புலப்படவில்லை.

ஒப்பாய்வாக, இவ்வூரின் இன்னொரு மெல்லிய தோல்காரரையும் குறிப்பிடலாம். இராஜபாளையம் நாய்க்கு வெள்ளை முடி, உள்ளே இளஞ்சிவப்புத் தோல், மூக்கும் அதே நிறம். வெயில் ஆகாது. 2005இல் அஞ்சல் துறை அதற்குத் தபால்தலையே வெளியிட்டது. அதற்குக் கழுத்துப் பட்டை கட்டும்போது இரண்டு விரல் உள்ளே போக வேண்டும் என்பது நாய் வளர்ப்பவர்கள் அறிந்த விதி. போகவில்லை என்றால் தளர்த்துவார்கள். நாய் உறுமும் என்பதும் ஒரு காரணம். குழந்தை உறுமாது; அது அழும். அழுதால் பசி என்பார்கள், வயிற்று வலி என்பார்கள், கண்ணேறு என்று உப்பு மிளகாய் சுற்றுவார்கள். பட்டையைக் கழற்றிப் பார்ப்பது கடைசியாகத்தான் தோன்றும். தொல்காப்பியர் சொன்ன எட்டு மெய்ப்பாடுகளில் அழுகையிலிருந்து வெகுளிக்கும், கழற்றியதும் வெகுளியிலிருந்து உவகைக்கும் ஒரே மூச்சில் போகும் ஆற்றல் மூன்று மாதக் குழந்தைக்கு உண்டு. இதைவிடத் துல்லியமான அளவுகோல் கிடையாது.

வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது? சூடிக் கொடுத்தவள் பிறந்த ஊரில் வழியை வெளியே தேட வேண்டாம். ஹேர்பேண்டை அம்மாவோ பாட்டியோ முதலில் சூடிப் பார்க்க வேண்டும். தலையில் அன்று, அவர்கள் தலை பெரிது. முழங்காலில். பெரியவர் முழங்காலின் சுற்றளவு ஏறக்குறையப் பிறந்த குழந்தையின் தலைச்சுற்றளவுதான். காலில் கிடத்திக் குளிப்பாட்டிய பாட்டியின் கால் இந்தச் சேவைக்கும் முன்வரும். மத்தியான வெயிலில் ஒரு மணி நேரம் போட்டிருந்து கழற்றட்டும். சிவந்த கோடு விழுந்தால், அரித்தால், "சனியன், எப்படா கழட்டுவோம்" என்று தோன்றினால், முடிவு கிடைத்துவிட்டது.

ஆய்வு முடிவுகள் வருமாறு. ஹேர்பேண்ட் இல்லாமலே குழந்தை பெண்தான். போட்டே தீர வேண்டுமென்றால், தாத்தாவின் அந்த வேட்டியிலேயே நாலு விரல் அகலம் கிழித்து, எலாஸ்டிக் இல்லாமல், பக்கவாட்டில் தளர்வாக முடிந்து, போட்டோ எடுக்கும் நேரத்துக்கு மட்டும் போடலாம். கடையில் வாங்கினால் பருத்தி, ஒருமுறை துவைத்தபின், ஒரு விரல் தாராளமாக உள்ளே போகும்படி. தலையில் கரப்பானோ வேர்க்குருவோ இருந்தால் அதுவும் வேண்டாம். தூங்கும்போது எந்தப் பட்டையும் கூடாது. இதில் மட்டும் விளையாட்டு இல்லை: வழுக்கி மூக்கிலோ வாயிலோ கழுத்திலோ இறங்கும் பட்டையை விலக்கும் வலு கைக்குழந்தைக்குக் கிடையாது. காரில், தூளியில், தோளில் கண் சொருகினாலும் உடனே கழற்றிவிட வேண்டும்.

சத்திரப்பட்டித் தறிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காயத்துக்கு நெய்கிற கையோடு குழந்தைக்கும் ஒரு பட்டை நெய்து தாருங்கள், பூ வேண்டாம். குழந்தை பார்க்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று: கையில் ஏதாவது கொண்டுபோக வேண்டும் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இருக்கிறது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது, எலாஸ்டிக் கிடையாது, யார் நெற்றியிலும் கோடு போடாது. பத்தியத்தில் இருக்கும் தாய் சாப்பிடாவிட்டாலும் வீட்டில் உள்ள மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.