பையன்கள் கட்டிய ஊர்

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "மூணாம் வீதி போகணும்" என்று சொல்லிப் பாருங்கள். ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பவே மாட்டார். "மேலயா, கீழயா, வடக்கா, தெக்கா?" நாலு திக்கிலும் ராஜ வீதி, அதற்குப் பின்னால் இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, நான்காம் வீதி என்று வாய்ப்பாடு ஒப்பித்தாற்போலப் போய்க்கொண்டே இருக்கும். வந்தவர்கள் வழி தவறக் கூடாது என்றுதான் இப்படிப் போட்டார்களாம்.

இந்தக் கட்டம் போட்ட ஊர் விஜயரகுநாத ராய தொண்டைமான் காலத்து வேலை. 1807-ல் பட்டமேறியபோது அவருக்கு வயது பத்து. கூடவே தஞ்சாவூர் ரெசிடெண்ட் பிளாக்பர்ன் துரை கார்டியனாக உட்கார்ந்திருந்தார். ராஜா மீசை அரும்புகிற வயதில், கோணல்மாணல் சந்துகளெல்லாம் போய், ஸ்கேல் வைத்துக் கோடிழுத்த தெருக்கள் வந்துவிட்டன. அரண்மனைக்கு நேர் பார்வை கிடைத்தது. சந்து முனையில் கடன்காரனுக்கு ஒளியும் வசதி ஊருக்குப் போயிற்று.

1886-ல் அடுத்த பையன். மார்த்தாண்ட பைரவ தொண்டைமானுக்கு அப்போது பதினோராவது வயது நடந்துகொண்டிருந்தது. திவான் சேஷையா சாஸ்திரிதான் ஆண்டார். குளங்களைத் தூர் வாரினார், கட்டடங்களாகக் கட்டினார். பையன் வளர்ந்து 1915-ல் மெல்போர்னில் மாலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். ஆங்கிலேயர் அந்தக் கல்யாணத்தை ஏற்கவில்லை. ராஜாவும் சளைக்கவில்லை, ஊரை விட்டுவிட்டு வெளிநாட்டிலேயே இருந்தார், 1928-ல் பாரிஸில் காலமானார். நேரான வீதிகள் இத்தனை இருந்தும், ராஜா திரும்பி வர ஒன்றும் உதவவில்லை.

அதே வருஷம் மூன்றாவது பையன், ராஜகோபால தொண்டைமான். வயது ஆறு! அந்த ஆறு வயசுக்காரருக்குத்தான் புது அரண்மனை எழும்பியது: கருங்கல், தூண் வரிசை, வளைவுகள். ஒளிந்து விளையாட இதைவிடத் தோதான இடம் இந்தச் சீமையில் கிடையாது.

1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. ராஜ வீதித் திண்ணைகளை இடித்து நகைக்கடைகளும் ஜவுளிக்கடைகளும் வந்தன. ஓட்டு வீடு ஒன்றிரண்டு மிச்சமிருந்தாலும் ஃபிளெக்ஸ் பேனர்தான் முகப்பு.

1974-ல் தனி மாவட்டம் ஆனபின் அரண்மனை கலெக்டர் ஆபீஸாகிவிட்டது. திங்கட்கிழமை போனால் மனுவும் கையுமாகக் கூட்டம் நெரிகிறது. ராஜா காலத்தைவிட இப்போதுதான் அங்கே தர்பார் தவறாமல் கூடுகிறது. ஒரே குறை, ராஜாவுக்கு அடிக்கடி டிரான்ஸ்பர் ஆகிவிடுகிறது.