முறிவுத்திணை: ஒரு கொல்கத்தா உரை

தொல்காப்பியர் பிரிவை அக்கறையோடு வகுத்தவர். ஓதப் போவது, தூது போவது, பகைமேல் போவது, பொருள்தேடப் போவது என எல்லாவற்றுக்கும் இடம் வைத்தார். போனவன் திரும்பி வருவான் என்பதுதான் கணக்கு. இருவரும் உயிரோடிருக்க, வழியும் திறந்திருக்க, ஆனால் திரும்பாத பிரிவுக்குத் திணையில்லை. இக்குறை நீங்க யாம் முறிவுத்திணை வகுத்தோம். பெயர் பிடிக்காதோர் வேறு வைத்துக்கொள்க.

முதற்பொருள்: நிலம், கொல்கத்தா. 1917-ல் 'தேவதாஸ்' நாவல் வெளியானதிலிருந்து இந்நகருக்கு இத்துறையில் முன்னுரிமை உண்டு. பொழுது, மழை ஓய்ந்து பூஜைப் பந்தல்கள் எழும் நாள்கள்.

கருப்பொருள்: பூ, பவளமல்லி. உணவு, காலேஜ் தெரு காபி ஹவுஸில் ஆறிப்போன இன்ஃப்யூஷன். விலங்கு இல்லை, டிராம் உண்டு. வண்டி நின்றுபோன தெருக்களிலும் தண்டவாளம் கிடப்பதால் அதுவே இத்திணையின் தெய்வம் என்பாரும் உளர்.

உரிப்பொருள் மறவாமை. அது மூன்று வகை.

முதலாவது, இடநினைவு. விக்டோரியா மெமோரியல் தோட்டத்தருகே பேருந்து போகையில் வேறு பக்கம் பார்ப்பது. உரை வேண்டா.

இரண்டாவது, விஜயா நினைவு. தசமி கழிந்ததும் யாருக்கும் 'சுபோ பிஜோயா' என வாழ்த்துச் சொல்லலாம் என்பது வங்காள வழக்கம். அதை ஆண்டுக்கொரு அனுமதிச்சீட்டாக்கி, மற்ற நாளில் அனுப்பத் துணியாத எண்ணுக்கு அனுப்புவது. 'உனக்கும்' என்று பதில் வந்தால், அந்த ஒரு சொல்லைத் தோழியர் கூடி ஆராய்வர்.

மூன்றாவது, எழுத்து நினைவு. இது கொடியது, சான்று தருவோம்.

1930. பவானிபூர். மெய்யியல் பேராசிரியர் சுரேந்திரநாத் தாஸ்குப்தாவிடம் பயில வந்து அவர் வீட்டிலேயே தங்கிய ருமேனியர் மிர்ச்சா எலியாதேவுக்கும் பேராசிரியர் மகள் மைத்ரேயிக்கும் காதல். தந்தைக்குத் தெரிந்தது, மாணவர் வெளியேற்றப்பட்டார். 1933-ல் அவர் ஒரு நாவல் எழுதினார், பெயரைக்கூட மாற்றாமல்: 'மைத்ரேயி'. அதில் அவள் இரவில் அவன் அறைக்கு வருகிறாள்.

மைத்ரேயி தேவி மணமாகி மோங்பு மலைக்குப் போனார். கணவர் அங்கே சிங்கோனா தோட்டத்துப் பணியில் இருந்தார். முறைக்காய்ச்சலுக்கு மருந்து செய்த ஊர். இந்தக் காய்ச்சலுக்கு அது பயன்பட்டதாகத் தெரியவில்லை. தாகூரே அவர் வீட்டு விருந்தினராகத் தங்கினார். 1973-ல், பாட்டியாகும் வயதில், சிகாகோ போய் எலியாதேவை நேரில் கண்டார். மறு ஆண்டு தம் பக்கக் கதையாக 'ந ஹன்யதே' எழுதினார். 1976-ல் அதற்குச் சாகித்ய அகாதமி விருது.

அவரை இழுத்துச் சென்றது காதல் என்பர் ஒருசாரார். அதை மறுக்கமாட்டோம், நூலே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்த இரவு வருகை பொய் என்று சொல்லவும் அவருக்கு ஒரு புத்தகம் வேண்டியிருந்தது. முறிந்த பின் எஞ்சுவதில் பாதி ஏக்கம். மீதி, என்ன நடந்தது என்பது பற்றிய வழக்கு. அவ்வழக்கில் இருவரும் வாதி, இருவரும் சாட்சி. அவருடைய நூலையும் இவருடைய நூலையும் 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகமே ஆங்கிலத்தில் வெளியிட்டது. அப்போது இருவருமே உயிரோடில்லை.

புறனடை: 'ந ஹன்யதே'யில் கணவர் அந்தப் பயணத்தைத் தடுக்கவில்லை. அவரை எவ்வகையில் சேர்ப்பதென்று எம் இலக்கணத்தில் விதியில்லை. பெருந்திணைக்குத் தள்ளவும் மனம் வரவில்லை.