வாழைக்குலை விசா

கேரள அரசு 1967இல் லாட்டரி நடத்த ஆரம்பித்தது. தமிழ்நாடு 2003இல் லாட்டரியைத் தடை செய்தது. அன்றிலிருந்து எல்லைக்கு இந்தப் பக்கம் இஞ்சிவிளை, பாறசாலைச் சீட்டுக் கடைகளுக்கு அந்தப் பக்கத்துக் களியக்காவிளையிலிருந்தும் ஆள் வருகிறது. சீட்டெடுப்பது இங்கே காலைக்கடன்களில் சேர்த்தி. ஊரிலுள்ள அப்பாக்கள் முப்பது வருஷமாக எடுக்கிறார்கள்; அடித்ததெல்லாம் நூறும் ஐந்நூறும்தான், அதையும் அந்தக் கடையிலேயே அடுத்த சீட்டாக மாற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட ஒரு வீட்டில் பையனுக்கு மட்டும் முதல் சீட்டிலேயே அடித்தது. சீட்டின் விலை 25 ஆஸ்திரேலிய டாலர். பரிசு, குயின்ஸ்லாந்தில் வாழைக்குலை சுமக்கும் உரிமை.

விஷயம் இதுதான். 2022 ஏப்ரலில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஒரு வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன் ஓரத்தில் ஒரு சலுகை: ஆண்டுக்கு 1,000 இந்திய இளைஞர்கள் அங்கே போய் ஒரு வருஷம் ஊர் சுற்றலாம், சுற்றும் செலவுக்கு வேலையும் பார்த்துக்கொள்ளலாம். விசாவின் எண் 462. வயது 18 முதல் 30 வரை. ஆள் அதிகம் சேர்ந்துவிடும் என்பதால் குலுக்கல். 2024 அக்டோபரில் முதல் குலுக்கலுக்குப் பெயர் கொடுக்கச் சொன்னபோது இரண்டு வாரத்தில் 40,000 பேர் வந்துவிட்டார்கள். கேரள லாட்டரியின் ஓணம் பம்பரோடு ஒப்பிட்டால் இது ரொம்ப நியாயமான குலுக்கல் என்று நம்ம ஆள் அப்பாவிடம் விளக்கினான். அப்பா அந்த வருஷமும் ஐந்நூறு ரூபாய் கொடுத்து பம்பர் எடுத்திருந்தார். பதில் பேசவில்லை.

‘நம்ம ஆள்’ என்று நான் சொல்வது ஒருவனை அல்ல. பாறசாலையில் ஒருவனுடைய நாக்கு, உதியன்குளங்கரையில் ஒருவனுடைய முதுகு, நெய்யாற்றின்கரையில் ஒருவனுடைய போன் என்று சேர்த்து ஒட்டியது. ஒட்டுப்போட்ட இடம் தெரிந்தால் மன்னிக்கவும்.

குலுக்கலில் விழுந்தால் மட்டும் போதாது. பிளஸ் டூவுக்கு மேல் இரண்டு வருஷமாவது படித்திருக்க வேண்டும். நம்ம ஆள் பி.டெக்., அதில் குறையில்லை. இங்கிலீஷ் பரீட்சை, அதுவும் ஆச்சு. மூன்றாவது, கையில் 5,000 டாலர் இருக்கிறது என்று காட்ட வேண்டும். நம்ம பணத்தில் மூன்று லட்சத்துக்குப் பக்கம். இங்கேதான் குடும்பம் உள்ளே வருகிறது. அம்மையின் மாலையும் மாமியின் வளையலும் அடகுக் கடைக்குப் போய் ஒரு பாங்கு ஸ்டேட்மென்டாகத் திரும்பி வந்தன. நாட்டைச் சுற்றிப் பார்க்கத் தன்னிடம் தாராளமாகப் பணம் இருக்கிறது என்று அந்தக் காகிதம் சொன்னது. மாமி மட்டும் இரண்டு கையையும் மாறிமாறித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புறப்படுவதற்கு முந்தைய நம்ம ஆளையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் நூற்றைம்பது மூடு ஏத்தன் வாழை. ஓணத்துக்கு உப்பேரி வறுக்காத வீடு கிடையாது என்பதால் சிங்க மாசம் பிறக்கும் முன்பே ஏத்தன்குலைக்கு விலை ஏறும். அந்த நாட்களில் அப்பா விடியுமுன் சன்னலில் தட்டுவார். “எடேய், ஒரு கை பிடி மக்கா.” உள்ளேயிருந்து முனகல். முதுகுவலி. அது இஞ்சினியரிங் படித்த முதுகு, நேராக நிற்க மட்டுமே பழகியது. போதாததற்கு வாழைக்கறை சட்டையில் பட்டால் போகாது. அதைவிட, குலையைத் தோளில் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடக்கும்போது தெரிந்தவர் யாராவது பைக்கில் வந்தால்? பெண் வீட்டார் நாளைக்கு விசாரிக்க வருகிற இடம். ஆக, அப்பாதான் சுமப்பார். நம்ம ஆள் களியக்காவிளைச் சந்தை விலையைப் போனில் பார்த்துச் சொல்வான். அதுவும் ஒரு கைதானே.

அதே முதுகு குயின்ஸ்லாந்து வடக்கில் டல்லி என்ற ஊரில் போய் இறங்கியது. ஆஸ்திரேலியாவில் விளையும் வாழையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அந்தப் பக்கத்தில்தான். மழையும் அங்கேதான். 1950இல் ஒரே வருஷத்தில் 7,900 மில்லிமீட்டர் பெய்ததாம். அந்தப் பெருமைக்கு 7.9 மீட்டர் உயரத்தில் ஒரு ரப்பர் பூட்டை ஊர் நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், பொன் நிறத்தில். செங்கல் ஊர்க் கோயிலில் 111 அடிக்குச் சிவலிங்கம் பார்த்தவனுக்கு உயரம் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் ரப்பர் பால் வெட்டிப் பிழைக்கிற நம்ம ஊரில் இதுவரை ஒருத்தனுக்கும் ரப்பருக்கு இப்படி ஒன்று கட்டத் தோன்றவில்லையே என்று நினைத்தான். பூட்டுக்கு முன்னால் எடுத்த போட்டோ குடும்ப வாட்ஸாப்பில் வந்தது. பாட்டி பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “ஒரு கால்தான் கிடக்கு, மத்தது எங்க?” என்று கேட்டார்.

வேலை எப்படி என்றால், ஒருவன் கத்தியால் வாழைத்தண்டைப் பாதியில் கொத்துவான். மரம் வளைந்து குலை மெல்ல இறங்கும். கீழே தோளைக் கொடுத்துக்கொண்டு நிற்பவன் நம்ம ஆள். காம்பை வெட்டியதும் பாரம் முழுதும் அவனுடையது. நம்ம ஏத்தன்குலை பத்து, பதினைந்து கிலோ நிற்கும். அங்கே கேவன்டிஷ், ஐம்பது கிலோவரை கூட வரும். குலைக்கு மேல் போட்ட பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து தவளை குதிக்கும், எலி ஓடும், சில நாள் பாம்பும் எட்டிப் பார்க்கும். எலிக்காய்ச்சல் அந்தத் தோட்டங்களில் பழைய பிரச்சினை, நம்ம வயல்களில் இருப்பதைப் போலவே. அம்மை போனில் முதலில் கேட்டது அதைத்தான். சாப்பிட்டியா என்பது இரண்டாவது.

முதல் ரீல் வந்தபோது அப்பா தட்டுக்கடையில் இருந்தார். தோளில் குலை, முட்டிவரை சேறு, பின்னணியில் ஏதோ இங்கிலீஷ் பாட்டு, கீழே ‘லிவிங் மை பெஸ்ட் லைப்’. கடையிலிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அப்பா மறுபடி ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, “முதுகுவலிக்கு அங்க நல்ல வைத்தியன் இருக்கான் போல” என்றார்.

கூலியைச் சொல்லாமல் விடக் கூடாது. நம்ம ஆள் விடமாட்டான். 2025 ஜூலையில் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர் ஆனது. கேஷுவல் ஆள் என்றால் அதற்குமேல் 25 சதவீதம் கூடுதல். முன்பெல்லாம் பறித்த கூடைக் கணக்கில் கூலி கொடுத்து ஏய்ப்பது நடந்தது. 2022 ஏப்ரலுக்குப் பிறகு கூடைக் கணக்கானாலும் மணிக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்று விதி வந்தது. கேரளத்தில் விவசாயக் கூலி இந்தியாவிலேயே அதிகம். ரிசர்வ் வங்கி 2022-23க்குச் சொல்லும் சராசரி நாளொன்றுக்கு 764 ரூபாய். நம்ம ஆளுக்கு அது அரை மணி நேரத்தில் தீர்ந்தது. ஆனால் ஹாஸ்டல் கட்டில் வாடகை, வேன் வாடகை, மழை பெய்து வேலை இல்லாத நாளின் சாப்பாடு எல்லாம் போக என்ன மிஞ்சும் என்று கேட்டால் போன் சிக்னல் போய்விடும்.

இந்தக் கூலிப் பெருமையை அவன் ஒரே ஒருவரிடம்தான் விற்க முடியவில்லை. சுமட்டுத் தொழிலாளியான யூனியன் மாமன். மணிக்கு இத்தனை டாலர், பத்து மணிக்கு ஸ்மோக்கோ என்று டீ இடைவேளை, ஓவர்டைம் என்று எல்லாம் கேட்டுவிட்டு மாமன் நிதானமாகச் சொன்னார்: “சுமந்தாத்தானேடே தருவான்? நாங்க பாத்துக்கிட்டு நிண்ணே வாங்கியிருக்கோம்.” நோக்குகூலியைக் கேரள அரசு 2018 மே தினத்தோடு நிறுத்தியது. ஆனால் அந்தப் பொற்காலத்துக்கு முன்னால் ஆஸ்திரேலியா தலைகுனிந்துதான் நிற்க வேண்டும்.

நம்ம ஆளுக்கு அங்கே பிழைப்பு ஓடுவதற்குக் காரணம் பி.டெக். இல்லை, எல்லை. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் கேட்டது, கிடைக்கவில்லை; நம்ம பக்கம் கேரளத்திலேயே நின்றது. விளைவாக நம்ம ஆள் மலையாளத்தில் பரீட்சை எழுதி, தமிழில் சண்டை போட்டு வளர்ந்தான். அப்பா வீடு பாறசாலை, அம்மை வீடு மார்த்தாண்டம். மலையாளிகள் தங்கியிருக்கும் வீட்டில் கட்டில் வேண்டுமென்றால் அவன் சுத்தமான திருவனந்தபுரத்துக்காரன். தமிழ்க் கடைக்காரர் காரில் இடம் இருக்கிறதென்றால் நாகர்கோவில் பக்கம். ஓணத்துக்கு அவர்களிடம் சத்யை, பொங்கலுக்கு இவர்களிடம் சர்க்கரைப் பொங்கல். வேலை காலியிருக்கும் சேதி இரண்டு பாஷையிலும் வந்து சேரும். கடன் கேட்கும்போது மட்டும் இரண்டு தரப்பும் ஒரே குரலில், “நீ அந்தப் பக்கம்தானே?” என்கிறார்கள்.

செக்போஸ்ட்டும் அவனுக்குப் புதிதல்ல. அமரவிளையில் என்ன கேட்பார்கள், அதற்கு எந்த முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எல்லைப் பிள்ளைகளுக்கு முளைக்கும்போதே தெரியும். பிரிஸ்பேன் விமான நிலையத்தில் அந்த முகம் எடுபடவில்லை. அங்கே மோப்ப நாய். அம்மை பெட்டியின் அடியில் சேலைத் துணியில் பொதிந்து வைத்த பச்சைக் கறிவேப்பிலை குப்பைத்தொட்டிக்குப் போனது. முன்கூட்டியே கார்டில் எழுதிக் காட்டியதால் அபராதம் இல்லை. இதை அவன் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. கறிவேப்பிலையைக்கூடக் கடத்தத் தெரியாதவன் என்ற பெயர் நம்ம பக்கத்தில் ஒருவனை ஆயுசுக்கும் விடாது.

அப்புறம் சீசன் துரத்தல். வாழைக்கு டல்லியில் வருஷம் முழுக்க வெட்டு உண்டு. மற்றதற்கெல்லாம் காலம் பார்த்து ஓட வேண்டும். மழைக்குமுன் போவன் பக்கம் மாங்காய், டிசம்பர் வாக்கில் யங் என்ற ஊரில் செர்ரி, பிப்ரவரியில் மில்டுரா திராட்சை, அதன்பின் டாஸ்மேனியாவில் ஆப்பிள். கடைசி ஊரின் பெயரைப் போனில் சொன்னபோது மார்த்தாண்டம் மாமா பாதியை மட்டும் கேட்டுவிட்டு மிகவும் சந்தோஷப்பட்டார். இந்த அட்டவணை என்னவோ உலகத்திலேயே தனக்குத்தான் முதலில் கிடைத்தது போல அவன் பேசுவான். அவன் பாட்டா பனங்காலத்தில் பனையேறி, ஓணத்துக்குமுன் குலை வெட்டி, மண்டலகாலத்தில் சபரிமலைக் கடைகளில் பாத்திரம் கழுவி, மிச்ச மாதங்களில் பால் வெட்டியவர். அவருக்கும் முந்தியவர்கள், 19ஆம் நூற்றாண்டில், தென் திருவிதாங்கூரிலிருந்து இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். சிலர் திரும்பி வந்து நிலம் வாங்கினார்கள். அதில் கொஞ்சம்தான் இப்போது வீட்டுக்குப் பின்னால் நிற்கும் ஏத்தன். அவர்களில் ஒருவரும் போனதை அனுபவம் என்று சொல்லிக்கொண்டதாகத் தகவல் இல்லை. வயிறு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அந்த ஏத்தனை இப்போது வெட்டுவது முர்ஷிதாபாத்திலிருந்து வந்த ஒரு பாயி. அப்பா அவனிடம் பேசும் இந்தியில் பாதி தமிழ், பாதி மலையாளம், குறை எங்கே என்றால் இந்திக்குத்தான். வேலை முடிந்ததும் பாயி வரப்பில் உட்கார்ந்து மனைவிக்கு வீடியோவில் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவான். ராத்திரி அம்மையின் போனில் நம்ம ஆள் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவான். இதுவும் வாழை, அதுவும் வாழை. பாயி மாதம் தவறாமல் ஊருக்குப் பணம் அனுப்புகிறான் என்பதை மட்டும் அப்பா அந்த நேரம் பார்த்துச் சத்தமாகச் சொல்வார்.

சிங்க மாசத்தில் தங்கச்சி கல்யாணம். நம்ம ஆள் வந்திறங்கினான், தொப்பியும் மார்பைக் குறுக்காகச் சுற்றிய பையுமாக. வந்த மறுநாளே தென்னையேறுபவரிடம் ஹெல்மெட் எங்கே என்று கேட்டான். பந்தல்காரரிடம் மணிக்கு எவ்வளவு என்றான். அவர் பந்தலுக்கு எவ்வளவு என்று மட்டும் அறிந்தவர், கோபித்துக்கொண்டு போய்விட்டார். இரண்டாம் வருஷ விசா வேண்டுமென்றால் மூன்று மாதம், அவர்கள் கணக்கில் 88 நாள், அவர்கள் குறித்துள்ள பகுதிகளில் இப்படி வேலை செய்த சான்று வேண்டும். அவனிடம் அறுபத்தொன்றுதான் இருந்தது. மிச்சத்தை முடிக்கத் திரும்பிப் போகிறான். பெண் வீட்டார் யாராவது கேட்டால் ‘அக்ரி செக்டர்’ என்று சொல்லச் சொல்லியிருந்தான்.

கல்யாணம் முடிந்த வாரம் பாயி ஊருக்குப் போயிருந்தான். ஓணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. அப்பா விடியுமுன் சன்னலில் தட்டினார்.

“எடேய், இருபது குலை கிடக்கு. வண்டிக்காரன் ஏழு மணிக்கு வருவான்.”

“இங்க வெட்டினா அந்த 88ல சேராதுப்பா.”

வெளியே கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“செரி. மணிக்கு 24.95 நான் தாறேன். எழும்பு.”

“கேஷுவலுக்கு 25 சதவீதம் கூட உண்டு. அதை விட்டுட்டீங்களே.”