அசல் நிலை குறித்து, பிரிவு 23 அவர்களின் மேலான கவனத்திற்கு

பெறுநர்: ஜெர்மன் சாலைப் போக்குவரத்து அனுமதி விதித்தொகுப்பின் பிரிவு 23 அவர்கள்

பொருள்: ஹாலே நகரில் வாரிசுரிமையாக வந்த பழைய பிக்கப் வண்டியின் ‘அசல் நிலை’, தெளிவுரை வேண்டுதல்

பார்காஸ் பி 1000 என்பது கிழக்கு ஜெர்மனியில் 1961 முதல் ஏறத்தாழ 30 ஆண்டுகள் தயாரான சிறு சரக்கு வண்டி. பெயரிலுள்ள ஆயிரம், அது சுமக்கும் கிலோ. மூன்று சிலிண்டர், ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைந்த கொள்ளளவு, டூ ஸ்ட்ரோக்; வார்ட்பர்க் காரில் ஓடிய அதே எஞ்சின். அது ஓட்டுநருக்கும் பக்கத்தில் உட்காருபவருக்கும் நடுவே ஒரு மூடிக்குள் அமர்ந்திருப்பதால் குளிர்காலத்தில் காலுக்குக் கதகதப்பு இலவசம். கோடையிலும் இலவசம். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, சிற்றுந்து, பின்னால் பலகைத் தட்டு வைத்த பிக்கப் என்று ஒரே உடல் பல வேடம் கட்டியது. ஜன்னலில்லாத சிற்றறைகளைப் பொருத்திக் கைதிகளை ஏற்றிச் செல்ல ரகசியக் காவல் துறையும் இதையே வைத்துக்கொண்டது. அத்துறையின் விசாரணைச் சிறையாக 1989 வரை இருந்த ஹாலேயின் ‘சிவப்பு எருது’ச் சிறையில் இப்போது ஒரு நினைவிடம் உள்ளது. பழைய வண்டிகளை ‘வாகனத் தொழில்நுட்பப் பண்பாட்டுச் செல்வம்’ என்று சட்டம் சொல்லும்போது, இந்த வேடங்களில் எது மனத்தில் இருந்தது என்பதைப் பிரிவு 23 அவர்கள் தெரிவித்ததில்லை.

தமிழ் வாசகர் இத்தகைய வண்டியை டெம்போ என்பார். அதுவும் ஜெர்மன் சரக்குதான். ஹாம்பர்க் நகரின் விடால் நிறுவனம் தன் வண்டிகளுக்கு இட்ட பெயர், புனே வழியாக இந்தியாவுக்கு வந்து, மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் எல்லா வண்டிக்கும் பொதுப்பெயராகிவிட்டது. மேற்கில் பிறந்த வண்டி தமிழில் சொல்லாக வாழ்கிறது. கிழக்கில் பிறந்தது சொந்த ஊரில் சான்றிதழுக்காக வரிசையில் நிற்கிறது.

இம்மனுவுக்குரிய பிக்கப் 1972இல் முதன்முதலாகப் பதிவானது. ஹாலேயைச் சேர்ந்த ஒரு குழாய் வேலைக்காரர் அதைப் பழையதாக வாங்கி, தாத்தாவாகும்வரை ஓட்டி, தார்ப்பாய் போர்த்தி நிறுத்தி, இறந்தார். ஜெர்மன் சிவில் சட்டப்படி சொத்து முழுவதும், கடனோடு சேர்த்து, வாரிசிடம் தானாகவே வந்து சேரும். வேண்டாம் என்று சொல்ல ஆறு வாரம் அவகாசம். வீடு வேண்டும், வண்டி வேண்டாம் என்று பொறுக்கி எடுக்க வழியில்லை. சேஸிஸின் அடிப்பகுதியைத் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று குத்திப் பார்க்கவே ஆறு வாரம் போதாது என்பதைப் பட்டறையில் நின்றவர் அறிவர். பேரன் ஏற்றுக்கொண்டான். துருவையும் கடன் வகையில் சேர்க்கலாமா என்பது தனி விசாரணைக்குரியது.

அடுத்தது கொட்டகை. 1964இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஹாலே நொய்ஷ்டாட் குடியிருப்பு, புனா, லாய்னா ரசாயன ஆலைத் தொழிலாளர்களுக்காக எழுந்தது. அடுக்குமாடி வீட்டில் கராஜ் கிடையாது. ஆகவே கிழக்கு ஜெர்மனியின் பிற நகரங்களைப் போலவே இங்கும் கார் வைத்திருந்தவர்கள் சங்கமாகச் சேர்ந்து, ஓய்வு நாள்களில் தாங்களே செங்கல் அடுக்கி, ஊருக்கு ஓரத்தில் வரிசை வரிசையாகக் கராஜ் கட்டிக்கொண்டார்கள். அந்நாட்டுச் சட்டத்தில் நிலம் ஒருவருக்கும் அதன்மேல் எழுந்த சுவர் இன்னொருவருக்கும் சொந்தமாயிருக்க முடிந்தது. நாடுகள் இணைந்தபின் 1995இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இந்தக் கணக்கை நேர் செய்தது: நில ஒப்பந்தம் முடிந்தால் சுவரும் நிலத்துக்காரருக்கே. புறம்போக்கில் வீடு கட்டியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தாத்தா கட்டிய கராஜில் தாத்தாவின் வண்டியைப் பழுதுபார்க்கும் பேரன், இரண்டிலும் விருந்தாளி.

கராஜ் என்பது வண்டி நிறுத்தும் இடம், பட்டறை அன்று என்பது பொதுவிதி. சிறு கராஜில் 20 லிட்டர் பெட்ரோல், 200 லிட்டர் டீசல் வரை மூடிய பாத்திரத்தில் வைக்கலாம் என்று பல மாநில விதிகள் தாராளம் காட்டுகின்றன. வெல்டிங் விஷயத்தில் அந்தத் தாராளம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சுத்தியல் எடுத்தால் விவகாரம் அரசமைப்பு வரை போகும். 1919ஆம் ஆண்டின் வைமார் அரசமைப்பு, ஞாயிற்றை உழைப்பிலிருந்து ஓய்வும் உள்ளத்துக்கு உயர்வும் தரும் நாளாகக் காத்தது. 1949இன் அடிப்படைச் சட்டம் அப்பிரிவை அப்படியே தன்னுள் சேர்த்துக்கொண்டது. வார நாளில் வேலைக்குப் போகிறவனுக்கு டிங்கரிங் பார்க்க மிச்சமிருப்பது சனிக்கிழமை ஒன்றே. ஒரு நாட்டின் அரசமைப்பு ஒரு தகரத் தட்டலுக்கு எதிராக அணிவகுத்து நிற்பது, தகரத்துக்குக் கிடைத்த மரியாதை.

வேலை இவ்வரிசையில் நடக்கும். எஞ்சினை இறக்கி, கிராங்க் ஷாஃப்டின் ஆயில் சீல்களை மாற்ற வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸே பெட்ரோல் கலவையை உறிஞ்சித் தள்ளும் பம்ப் ஆதலால், பல வருடம் நின்று காய்ந்துபோன சீல் காற்றை விட்டால் வண்டி உயிர் பெறாது. பிறகு கார்புரேட்டர், பிரேக் குழாய்கள், டிரம்கள். பிரேக்கில் கஞ்சத்தனம் கூடாது. மசகெண்ணெய் பெட்ரோலிலேயே கலந்து வருவதால், இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் எஞ்சினுக்கு எண்ணெய் குறையும். அதைத் தடுக்கச் சக்கரத்தையும் எஞ்சினையும் பிரித்துவிடும் ‘ஃப்ரீ வீல்’ அமைப்பு கியர் பெட்டியில் உண்டு. எஞ்சின் பிடித்து நிறுத்தாது. முழுப் பொறுப்பும் பிரேக்கின் தலையில். கடைசியாகத் தகரம். சக்கர வளைவு, கதவடி, தரைத் தகடு என்று நீர் தங்கும் இடமெல்லாம் வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டு செய்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடிக்க வேண்டும்.

இங்கேதான் பிரிவு 23 அவர்கள் வருகிறார்கள். எண்பலகையின் கடைசியில், பாரம்பரிய வண்டி என்பதைக் காட்டும் எச் என்ற எழுத்தைச் சேர்க்க அவர்களும் அவர்களது உறவினரான வாகனப் பதிவு ஆணையும் கேட்பவை: வண்டிக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும், பராமரிப்பு நன்றாயிருக்க வேண்டும், பெரும்பாலும் அசல் நிலையில் இருக்க வேண்டும். முதல் இரண்டில் தகராறு இல்லை. மூன்றாவதில், பதிவான முதல் 10 ஆண்டுகளில் செய்த அல்லது செய்திருக்கக்கூடிய மாற்றங்கள் காலத்துக்கு ஒத்தவை என்று மன்னிக்கப்படும். அதற்குப் பிந்தியவை என்றால், 30 ஆண்டுக்கு முன்பே செய்தவை என்பதற்கு ஆதாரம் வேண்டும்.

இம்மனுவுக்குரிய வண்டியில், ஓட்டுநர் பக்கக் கதவடியில் ஓர் ஒட்டு இருக்கிறது. வண்டிக்கு 13 வயதானபோது, 1985இல், பழைய துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத் தகட்டை வெட்டித் தாத்தா வைத்த ஒட்டு. ஆலை தந்த தகடு கடையில் இல்லை. புதுக் காருக்கே பத்தாண்டுக்கு மேல் காத்திருந்த நாட்டில் உதிரிப் பாகம் கடையில் கிடைப்பதன்று, தெரிந்தவர் மூலம் கிடைப்பது. குழாய் வேலைக்காரர் ஒரு வீட்டுக் குளியலறையைச் சரிசெய்தால் அந்த வீட்டுக்காரர் ஒரு சைலன்சருக்கு வழி சொல்வார். இப்பரிமாற்றத்தில் ரசீது போடும் வழக்கமில்லை. ரசீது போட்டிருந்தால் அதைத் தாத்தா வேறொரு துறையிடம் விளக்க நேர்ந்திருக்கும்.

ஆக, பிரிவு 23 அவர்கள் கேட்பது ரசீதில்லாத உலகத்தின் ரசீதை. ஒட்டை வெட்டி எறிந்து, இன்று எளிதாகக் கிடைக்கும் புத்தம்புதிய மறுதயாரிப்புத் தகட்டை வைத்தால் அது அசல். தாத்தாவின் கை பட்ட தகட்டை வைத்திருந்தால் அது கேள்விக்குரியது. பேரனுக்கு வாரிசாக வந்தது எது என்பதைச் சட்டம் கேட்கவில்லை. வண்டியை ஆலை செய்தது ஒருமுறைதான். அதன்பின் ஒவ்வொரு குளிர்காலமும் தாத்தா செய்தார்.

இம்மனு தமிழில் இருப்பதைக் காரணம் காட்டித் தள்ளிவிட முடியாது. ஹாலேக்குத் தமிழ் புதிதன்று. இங்கே படித்த மதபோதகர் சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்குப் போனார். அவருக்காக ஹாலேயில் வார்த்த தமிழ் அச்செழுத்துகள் 1713இல் அங்கு வந்து சேர்ந்தன. அவரது தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயிலேயே அச்சாயிற்று. ஹாலேயிலிருந்து போன அந்த அசல் எழுத்துகள் அளவில் பெரியவை. அவற்றால் புதிய ஏற்பாட்டை முழுதும் அச்சிடத் தாள் கட்டுப்படியாகவில்லை. பாலாடைக்கட்டிப் பெட்டிகளைச் சுற்றி வந்த ஈயத்தை உருக்கித் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள் என்று அச்சு வரலாறு எழுதியவர்கள் கூறுகின்றனர். 1715இல் வேலை முடிந்தது. பிரிவு 23 அவர்கள் அன்று தரங்கம்பாடியில் பணியிலிருந்திருந்தால், பாலாடைக்கட்டி ஈயம் அசல் நிலையன்று என்று குறிப்பெழுதியிருப்பார்கள்.

எச் எழுத்தின் பலன்களும் ஆராயத்தக்கவை. ஹாலேயின் நடுநகரில் 2011இல் நுண்தூசிக்கு எதிராகச் சுற்றுச்சூழல் மண்டலம் வந்தது. இத்தகைய மண்டலங்களில் எச் பலகை வண்டிக்கு விலக்கு உண்டு. பேரனின் பழைய டீசல் கார் வெளியே நிற்க, 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் எரித்து நீலப் புகை விடும் தாத்தாவின் வண்டி சட்டப்படி உள்ளே போகலாம். புகைக்கும் மூப்புரிமை உண்டு போலும். வரியோ நேர்மாறு. எச் வண்டிக்கு ஆண்டு வரி 191.73 யூரோ, சீரான தொகை. இந்தப் பிக்கப்பைச் சாதாரணச் சரக்கு வண்டியாக எடைக் கணக்கில் பதிந்தால் 150 யூரோவைத் தாண்டாது. பண்பாட்டுச் செல்வமாக உயர்ந்ததற்கு வண்டி கட்டும் அபராதம் என்று இதைக் கொள்ளலாம்.

ஒப்பு நோக்கினால், பிரிவு 23 அவர்களை இரக்கமற்றவர் என்று சொல்லவும் கூடவில்லை. இந்தியாவில் 2021இல் வந்த விதி, 50 வயது கடந்த வண்டியையே பாரம்பரிய வண்டியாக ஏற்று, ‘விஏ’ வரிசை எண் தருகிறது. டெல்லியிலோ பெட்ரோல் வண்டிக்கு 15, டீசலுக்கு 10 வயதில் ஓட்டத் தடை விதிக்கப்பட்டது. அக்கணக்கில் பதினைந்தில் செத்து ஐம்பதில் பிறக்க வேண்டிய வண்டி நடுவிலுள்ள 35 ஆண்டுகளைத் திரிசங்குவோடு கழிக்க வேண்டும். ஹாலேயில் அந்த இடைவெளியைத் தார்ப்பாய் பார்த்துக்கொண்டது.

ஆகவே, கதவடி ஒட்டை அகற்றாமல், அதன்மேல் துருத்தடுப்பு பூசி, வண்டியை அசல் நிலையினதாகவே ஏற்குமாறு கோரப்படுகிறது. ஒட்டு 1985இல் வைக்கப்பட்டதற்கு ஆதாரமாகப் புகைப்படம் ஒன்று இணைக்கப்பட்டுள்ளது. பின்பக்கத்தில் ஆண்டு பென்சிலில் தெளிவாக எழுதியிருக்கிறது. வண்டி முழுதும் தெரிகிறது. ஓட்டுநர் பக்கக் கதவடியை மட்டும், அதன் முன்னால் உட்கார்ந்து சிரிக்கும் தாத்தா மறைக்கிறார்.