நாலெழுத்துப் படித்தவர்

நாலு எழுத்து படித்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொன்னதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிப்பவர், எங்கள் பக்கத்து சிஸ்டம் சர்வீஸ் தம்பி ஒருவர்தான். எஸ்.எம்.பி.எஸ். நாலெழுத்து. டி.எச்.சி.பி. நாலெழுத்து. சி.மாஸ், பயாஸ் எல்லாம் இங்கிலீஷில் எண்ணிப் பாருங்கள், நாலுதான்.

தோளில் கறுப்புப் பை, அதில் கிரிம்பிங் டூல். காலையில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை, மதியம் சிதம்பரத்தில் மளிகைக் கடை பில்லிங் மெஷின். போன் போட்டால், "வந்துகிட்டே இருக்கேண்ணே, ஆலப்பாக்கம் தாண்டிட்டேன்" என்பார். இன்னும் வீட்டில் சட்டை மாட்டவில்லை என்று அர்த்தம்.

வந்ததும் கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். சற்று நேரம் பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்கிற குரலில், "எஸ்.எம்.பி.எஸ். போயிடுச்சுண்ணே" என்பார். போனது யார் என்று கடைக்காரருக்குத் தெரியாது. ஆனாலும் காரியச் செலவு எவ்வளவு என்று கேட்டுவிடுவார். சுவரில் வரும் 230 வோல்ட்டை வாங்கி, உள்ளே இருப்பவர்களுக்கு 12, 5, 3.3 என்று பக்குவமாகப் பிரித்துத் தரும் பெட்டிதான் அது. பக்கத்தில் நெய்வேலியே இருந்தும் நம் தெருவில் வோல்டேஜ் ஆடுகிற ஆட்டத்துக்கு, முதலில் மண்டையைப் போடுவது அதுவே.

பெரும்பாலான நாள்களில் யாரும் செத்திருக்கமாட்டார்கள். கம்ப்யூட்டர் கீ, கீ என்று கத்தும், திரை இருண்டு கிடக்கும். தம்பி மூடியைத் திறந்து ராமை உருவுவார். சட்டைப்பையிலிருந்து பள்ளிக்கூடத்து அழிரப்பர் வெளியே வரும். ராமின் தங்க நிறப் பற்களை அதால் நாலு தேய், ஒரு ஊது, மறுபடி மாட்டு. உயிர் வந்துவிடும். கடலோர ஊரின் உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து செய்த வேலைக்கு, இரண்டு ரூபாய் ரப்பர்தான் வைத்தியம். ஆனால் ரப்பருக்கு ஐந்நூறு ரூபாய் கேட்டால் எந்த அண்ணன் தருவார்? "ராம்ல கான்டாக்ட் இஷ்யூ" என்றால் எண்ணி வைப்பார். எழுத்து கூலிக்கு, ரப்பர் வேலைக்கு. இதில் ஏமாற்று எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எதைத் தேய்ப்பது என்று தெரிந்ததற்குத்தானே காசு.

கடிகாரம் பல வருஷம் பின்னால் போய், பேங்க் பக்கம் திறக்க மறுத்தால், சி.மாஸ் பேட்டரி. சி.ஆர்.2032 என்பார். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். அளவையே பெயராக வைத்துக்கொண்ட வட்டக் காசு.

நெட் வரவில்லையா? "ஐ.பி. 169-ல ஆரம்பிக்குதா பாருங்க. அப்ப டி.எச்.சி.பி. கிடைக்கல." பந்தியில் இலை போடுகிறவர் டி.எச்.சி.பி. என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வராவிட்டால் கம்ப்யூட்டர் 169.254 என்று தானே ஓர் இலையைக் கிழித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும். சோறுதான் வராது.

எதுவுமே பிடிபடாவிட்டால், "டி.என்.எஸ். பிரச்சினை." பெயரைக் கொடுத்தால் எண் முகவரியைத் தேடித் தருவது அதன் வேலை. ஆனால் தம்பியின் வாயில் அது ஒரு திரை. அதை விலக்கினால் என்ன தெரியும் என்று சிதம்பரத்தில் இருந்துகொண்டு கேட்கக் கூடாது.

சமீபத்தில் அவரிடம் ஒரு பையன் தொழில் பழகச் சேர்ந்தான். பாலிடெக்னிக் முடித்தவன். கத்திக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் முன்னால் நின்று, ராம் என்றால் ரேண்டம் ஆக்சஸ் மெமரி, டி.எச்.சி.பி. என்றால் டைனமிக் ஹோஸ்ட் கான்ஃபிகரேஷன் புரோட்டோகால் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தான். கடைக்காரர் அசந்துபோய்ப் பார்த்தார்.

தம்பி முழுக்கப் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரிதான்டா. ரப்பர் கொண்டாந்தியா?"