உள்வாங்கு படியியல்: ஒரு முன்னுரைக்கான முன்னுரை

காட்டுவழிக்கென்று செய்த உயரமான வண்டிகளில், கதவைத் திறந்தால் வெளியே நீண்டு, மூடினால் அடிவயிற்றுக்குள் ஒளிந்துகொள்ளும் மோட்டார் படி ஒன்று உண்டு. கார் அலங்காரக் கடைக்காரர்கள் இதை ‘ஆட்டோமேட்டிக் சைடு ஸ்டெப்’ என்பர். தமிழ் ஆய்வுலகம் இதைப் பற்றி இன்றுவரை வாய் திறக்கவில்லை. அப்பெருங்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை. (இப்படி ஒரு வாக்கியம் இல்லாமல் எந்த ஆய்வேடும் பல்கலைக்கழக வாசலைத் தாண்டியதில்லை.)

முதலில் வரலாறு. குதிரை வண்டிக் காலத்து ஐரோப்பியச் சீமான்களுக்கு மடக்குப் படி இருந்தது. அதை விரிக்க ஏவலாள் இருந்தான். 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி காருக்கு ஆடாமல் அசையாமல் நிற்கும் பக்கப் பலகை. 1930-களின் இறுதியில் காரின் உடம்பு பெருத்துப் பலகையை விழுங்கத் தொடங்கியது. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் மட்டும் 2003 வரை பிடிவாதம் பிடித்தது. இடையே, கென்னடிக்காகச் செய்த 1961-ஆம் ஆண்டு லிங்கன் காரில், பாதுகாவலர் நிற்பதற்கு உள்ளிழுக்கும் படிகள் வைத்தார்கள். ‘கீழடியில் கிடைத்ததா?’ என வினவுவோர்க்கு: கிடைக்கவில்லை. கிடைக்காததே, தோண்டும்போது அது உள்வாங்கிய நிலையில் இருந்தது என்பதற்குத் தக்க சான்று.

வகை மூன்று: நிலைப்படி, பாறையிடி தாங்கும் இரும்புக் குழாய், உள்வாங்கு படி. முதலிரண்டும் ஒழுங்காக வேலை செய்வதால் ஆய்வுக்குரியன அல்ல.

உள்வாங்குவது எற்றுக்கு? 2020-இல் வந்த மகிந்திரா தாரின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி 226 மில்லிமீட்டர். டிஃபெண்டர் 110 காற்றுச் சஸ்பென்ஷனில் எழும்பி நின்றால் 291. பக்கவாட்டில் ஒரு படியைத் தொங்கவிட்டால், மேட்டின் முகட்டைக் கடக்கையில் பாறையில் முதலில் இடிபடுவது அதுதான். ஆகவே வாங்குபவர், ஏற முடியாத உயரத்துக்கு ஒருமுறை பணம் கட்டுகிறார். அதில் ஏறுவதற்கு மறுமுறை கட்டுகிறார். ஏறியபின் உயரம் குறையாதிருக்க மூன்றாம் முறையும் கட்டுகிறார். இதனைப் பொருளியல் துறையினர் ஆராய்க.

வலிமை பற்றிச் சிறிது. அமெரிக்காவின் ஏ.எம்.பி. ரிசர்ச் பவர்ஸ்டெப் 600 பவுண்டு, அதாவது 272 கிலோ தாங்கும். ஆய்வு மாணவர், அவர் ஆய்வேடு, நெறியாளர் மூவரும் ஒருசேர ஏறலாம். நெறியாளர் விழா முடிந்து பொன்னாடைகளோடு வந்தால் தனியே கணக்கிட வேண்டும்.

இனி இயக்கம். கதவு திறந்த செய்தி கதவுச் சுவிட்சிலிருந்தோ ஓ.பி.டி. சாக்கெட் வழியாகவோ கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகும். பெட்டி மோட்டாரை ஏவும். நடுவே காலோ கல்லோ சிக்கினால் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் ஏறும். ஏறியதும் பெட்டி படியை நிறுத்திவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கீலில் காய்ந்து இறுகிய சேறும் அதே மின்னோட்டத்தைத்தான் ஏற்றும். படிக்குச் சேறும் ஒன்றே, குழந்தையின் காலும் ஒன்றே. உதிரிபாகங்களில் அத்வைதம் இவ்வளவு முற்றியது வேறில்லை. சேற்றில் போவதற்கென்றே வாங்கிய வண்டியில், சேறு கண்டால் சமாதி நிலை எய்தும் உறுப்பு!

கட்டுரையின் உயிர்நிலைக்கு வந்துவிட்டோம்: கீலின் ஊசிக்கு எதைப் போடுவது?

கிரீஸ் வைத்தால் எல்லாம் சரியாகும் என்பர் ஒரு சாரார் (மெக்கானிக், வாய்மொழி). அஃதன்று, திறந்து கிடக்கும் கீலில் கிரீஸ் மண்ணைப் பிடித்துவைக்கும், இரண்டும் குழைந்து ஊசியை அரைக்கும், ஆகவே வாட்டர் சர்வீசில் அழுத்தத் தண்ணீரால் சேற்றைப் போக்கி, காயவிட்டு, சிலிக்கான் ஸ்பிரே அடிப்பதே முறை என்பர் மறுசாரார் (கையேடு, டேஷ்போர்டு பதிப்பு, பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாதது). அற்றேல், கிரீஸ் வைத்த வண்டி ஒன்றில் படி நன்றாக ஓடுகிறதே எனின், அவ்வண்டி வீட்டிலிருந்து நகைக்கடைக்கும் நகைக்கடையிலிருந்து வீட்டுக்கும் மட்டுமே போவது; அதனால் விதி கெடாது என்க (மெக்கானிக், மேற்படி, திருத்திய கருத்து, பில் போட்ட பின்). தேங்காயெண்ணெயே போதும் என்பாரும் உளர் (மைத்துனர், மொட்டைமாடிச் சொற்பொழிவு, முதற்பகுதி, சாப்பிடக் கூப்பிட்டுவிட்டதால் இரண்டாம் பகுதி கிடைக்கப்பெறவில்லை, ஒப்புநோக்குக: மாமனார், அதே மாடி, எதிர்க் கைப்பிடிச்சுவர், ‘சும்மா இருடா’ எனத் தொடங்கும் மறுப்புரை, இதன் கையெழுத்துப் படி கொசு விரட்டப் பயன்பட்டதால் ஈற்றடிகள் சிதைந்துள்ளன). மிதிபலகை மேல் மட்டும் ஸ்பிரே படக் கூடாது, பட்டால் ஏறுகிறவர் வழுக்குவார் என்பதில் உரைவேறுபாடே இல்லை (ஸ்பிரே அடித்தவரின் மனைவி, நேரில், இடுப்பில் கைவைத்தபடி).

இம்மூன்று சாராரில் எவரும் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்ததில்லை. மூலத்தைத் தொடாமலே முந்தைய உரையை மறுப்பது நம் கல்விப்புலத்தின் தொல்மரபு ஆதலின், குற்றம் சொல்வதற்கில்லை. இக்கட்டுரையில் முன்னோர் சொற்கள் தென்பட்டாலும் அஞ்ச வேண்டா. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறை 10 விழுக்காடு வரை ஒற்றுமையைப் பொறுத்துக்கொள்கிறது. மிச்சத்தை நன்றியுரையில் ஈடுகட்டுவது வழக்கம்.

நோய்நாடல் சுருக்கமாக. இரு பக்கமும் வரவில்லையென்றால் முதலில் ஃப்யூஸ், பிறகு கட்டுப்பாட்டுப் பெட்டி. ஒரு பக்கம் மட்டும் வரவில்லையென்றால் அந்தப் பக்கத்துக் கப்ளர், வயர், மோட்டார். கிழக்குக் கடற்கரைச் சாலை வீட்டு வண்டியாயின், உப்புக்காற்றில் கப்ளருக்குள் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளியே நீண்டபடி நின்றுவிட்டால் கல்வழியில் இறங்கக் கூடாது. உள்ளேயே நின்றுவிட்டால் பாட்டியை இருவர் தூக்கி ஏற்ற வேண்டும். அப்போது பாட்டி சொல்பவை இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

மேலாய்வுக்கு நல்கைக் குழுவிடம் வேண்டுவது: டிஃபெண்டர் ஒன்று, முழு டேங்க் டீசலுடன். மழையில்லா மாதங்களில் செயற்கைச் சேறு. நெறியாளருக்கு முன் இருக்கை. வண்டி கைக்கு வந்ததும், முதற்கட்டமாக வீட்டுக்கும் நகைக்கடைக்கும் இடையே சோதனை தொடங்கும்.